பழைய ஐஸ் பெட்டியில் புகையிலைப் பாடம்

ஃப்ரீசர் ஒன்று பழுதாகிவிட்டது என்றால், பெரும்பாலும் கெட்டிருப்பது கம்பிரசர் போன்ற குளிரூட்டும் பாகம்தான். பெட்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வெளித் தகட்டுக்கும் உள் பிளாஸ்டிக்குக்கும் நடுவே அடைத்திருக்கும் பாலியூரித்தேன் நுரை வெப்பத்தை எளிதில் கடக்க விடாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் சொந்த உபயோகத்துக்குப் புகையிலை வளர்ப்பவர்கள் சிலர் இந்தப் பெட்டியை இலை பாடம் செய்யும் அறையாக மாற்றிக்கொள்கிறார்கள்.

பினாங்கின் தாசேக் கெலுகோர் வட்டாரத்தில், மலாக்கோஃப் போன்ற ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களுக்கு இப்படிப்பட்ட அறை புதிதல்ல. பால் உறைந்து உருட்டியெடுத்த வெள்ளை ரப்பர் தட்டுகள் புகைக்கூடத்தில் சில நாள் மிதமான சூட்டில் தொங்கும். ஈரம் போய், பூஞ்சை பிடிக்காத பழுப்பு நிறச் சரக்காக வெளியே வரும். புகையிலைக்கும் சூடு, காற்று, நேரம் மூன்றும் வேண்டும். ஆனால் அதற்கு நான்காவதாக ஒன்றும் வேண்டும்: ஈரப்பதம்.

காரணம், ஒடித்த இலை உடனே செத்துவிடுவதில்லை. அதன் எடையில் 80 முதல் 90 விழுக்காடு தண்ணீர். அந்தத் தண்ணீர் இருக்கும்வரை இலையின் செல்கள் சுவாசிக்கின்றன. சேமித்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. பச்சையம் சிதைகிறது, அதற்கடியில் மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் தெரிய வருகின்றன. அவசரப்பட்டு வெயிலில் காயப்போட்டால் இந்த வேலை பாதியில் நின்றுவிடும். இலை பச்சையாகவே மொறுமொறுத்து, காரமும் கசப்புமாகத் தங்கிவிடும். ஈரத்திலேயே விட்டுவைத்தாலோ கறுத்து அழுகும். மெல்ல மெல்லச் சாகவிடுவதற்குப் பெயர்தான் பாடம் செய்தல்.

இதற்கு ஒவ்வோர் ஊரும் ஒரு வழி கண்டது. யாழ்ப்பாணத்தில் குடிலுக்குள் இலையை அடுக்கித் தேங்காய் மட்டைப் புகை போட்டார்கள். அந்தச் சரக்கு கடல் கடந்து திருவிதாங்கூர் வரை விற்றது. அமெரிக்காவின் வட கரோலினாவில் 1839-இல் ஸ்டீபன் ஸ்லேட் என்ற கறுப்பின அடிமைத் தொழிலாளி, அணையப் போன அடுப்பில் கரியைப் போட்டுச் சூட்டைத் திடீரென ஏற்றியதில் இலை பளிச்சென்ற மஞ்சளாக வந்தது என்பது அங்கு வழங்கும் வரலாறு. பின்னாளில் புகை இலையைத் தொடாமல், குழாய் வழியே சூடு மட்டும் பாயும் கொட்டகைகள் வந்தன. மலேசியாவின் கிளந்தான் மாநிலத்து வர்ஜீனியா புகையிலை இந்த முறையில்தான் பாடமானது. முதல் இரண்டு நாள் 35 முதல் 38 டிகிரி செல்சியஸில் இலை மஞ்சளாகும். அடுத்து 55 வரை ஏற்றினால் இலைப்பரப்பு காயும். கடைசியில் 70-ஐத் தாண்டினால்தான் நடு நரம்பு காயும்.

ஃப்ரீசருக்கு அந்தக் கடைசிக் கட்டம் ஒத்துவராது. அவ்வளவு சூட்டில் பல நாள் இருந்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் சுவர் இளகி நெளியலாம். அதனால் நிழலில் தொங்கவிட்டு மஞ்சளாகிப் பழுத்த இலையை முதிரவைக்கத்தான் இது அதிகம் பயன்படுகிறது. சுமார் 50 டிகிரியில், 70 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதத்தில் நாலைந்து வாரம் வைத்தால், மூட்டையில் ஓராண்டு கிடந்து பெறும் பக்குவத்தை இலை எட்டிவிடும் என்பது செய்பவர்களின் அனுபவம்.

நம் ஊர் வெயிலில் இந்தப் பெட்டிக்குச் சிரமம் குறைவு. வெளியே 30 டிகிரி இருக்கும்போது ஃப்ரீசர் உள்ளே கழித்தல் 18-ஐக் காக்க வேண்டும். வித்தியாசம் 48 டிகிரி. பாட அறைக்கு 50 போதும்; வித்தியாசம் 20தான். ஆறு சென்டிமீட்டர் நுரைச் சுவர் கொண்ட நடுத்தரப் பெட்டியில் இந்த வித்தியாசத்துக்குச் சுவர் வழியே கசியும் வெப்பம் ஏறக்குறைய 30 வாட். பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றே இதை ஈடுகட்டும்.

ஆனால் சூடு மட்டும் கொடுத்தால் இலை கெட்டுப்போகும். 30 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள பினாங்குக் காற்றை 50 டிகிரிக்குச் சூடாக்கினால், ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். இலை தொட்டாலே நொறுங்கும். ஆகவே பலர் பல்பை விட்டுவிட்டு, தண்ணீர் நிரப்பிய மின் மெதுசமையல் சட்டியை அடியில் வைக்கிறார்கள். சூடும் நீராவியும் ஒன்றாகக் கிடைக்கும். ஒரு சிறு விசிறி காற்றைச் சுழற்றும். தெர்மோஸ்டாட் சட்டியை அணைத்து ஏற்றும். ஈரமானி ஒன்று கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். கதவின் காந்த ரப்பர் விளிம்பு மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

மாற்றும்போது நான்கு எச்சரிக்கைகள். படுக்கை ஃப்ரீசரில் வாயுக் குழாய்கள் பக்கச் சுவர்களுக்குள்ளேயே ஓடும். அங்கே துளையிடக் கூடாது. அடியில் உள்ள தண்ணீர் வடியும் துளை வழியே கம்பியை விடலாம். புதிய பெட்டிகளில் தீப்பற்றும் ஐசோபியூட்டேன் இருக்கும். மிகப் பழையவற்றில் ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வாயு. எதுவானாலும் காற்றில் திறந்துவிடாமல், கருவி வைத்திருக்கும் பழுதுபார்ப்பவரைக் கொண்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். நீராவி இருக்கும் இடத்தில் மின்சாரம் ஓடுவதால், எர்த் இணைப்பும் கசிவு மின்தடுப்பும் இல்லாமல் சுவிட்சைப் போடக் கூடாது. வெளியிலிருந்து மட்டுமே திறக்கும் தாழ்ப்பாள் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். உள்ளே ஒளிந்து மூச்சடைத்து இறந்த குழந்தைகள் உண்டு.

பக்குவமாகும் இலையிலிருந்து அம்மோனியா நெடி கிளம்பும். பெட்டி வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். ஈர இலையின் நிக்கோட்டின் தோல் வழியே ஏறி வாந்தியும் தலைச்சுற்றலும் தரும், கையுறை கட்டாயம்.

மலேசியாவில் விற்பனைக்காகப் புகையிலை பாடம் செய்ய உரிமம் வேண்டும். கிளந்தானிலும் புகையிலைச் சாகுபடி சுருங்கி, அதற்கு மாற்றாக கெனாஃப் என்ற நார்ப்பயிரை அரசே ஊக்குவித்தது; புகையிலை வாரியம் 2010-இல் கெனாஃப், புகையிலை வாரியமானது. எவ்வளவு பக்குவமாகப் பாடம் செய்தாலும் புகையிலை புற்றுநோய் தரும் பொருள்தான். பெட்டி நல்லது, அதற்குள் வைக்கும் சரக்குதான் கேடு. அதே அறையில் சூட்டை 30 டிகிரிக்கு இறக்கினால் தெம்பே புளிக்கும். 60-ஐ ஒட்டி ஏற்றி வாரக்கணக்கில் வைத்தால் கறுப்புப் பூண்டு பழுக்கும். உங்கள் வீட்டுக் கொல்லையில் பழைய ஐஸ் பெட்டி கிடந்தால், பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் இவற்றில் ஒன்றைச் செய்து பாருங்கள். புகையிலையை மட்டும் விட்டுவிடுங்கள்.