எதிரணியே இல்லாத ஆட்டம்!

ஹாஸ்டல் வராண்டாவில் ஃபுட்பாலைக் கீழே விடாமல் காலால் தட்டிப் பார்த்திருக்கீங்களா? என் ரெக்கார்டு ஏழு! (சிரிக்காதீங்க பாஸ்.)

மியான்மரில் இந்த வித்தைக்கு ‘சின்லோன்’ என்று பேர். பல நூற்றாண்டுப் பழசு. பிரம்பில் பின்னிய பந்து, வட்டமாக ஆறு பேர். நடுவில் ஒருத்தர் நடனம் மாதிரி சுழன்று, முதுகுக்குப் பின்னால் பார்க்காமலே உள்ளங்காலால் தட்டுவார். மற்றவர்கள் பந்தை அவருக்கே எடுத்துக் கொடுக்கணும்.

இன்றைய ஃப்ரீஸ்டைல் ஃபுட்பாலிலும் ஏறக்குறைய இதே ஸ்டைல்தான். ஆனால் அங்கே ‘பேட்டில்’. ஜெயிச்சது யாருன்னு நடுவர் சொல்லணும். சின்லோனில் ஜெயிக்க ஆளே இல்லை! 2013 தென்கிழக்கு ஆசிய விளையாட்டை மியான்மர் நடத்தியபோது இதையும் சேர்த்தார்கள். பதக்கத்துக்காக பாயின்ட் வந்தது, கூடவே எதிரணியும்!

எனக்கென்னவோ பகோடா திருவிழா சின்லோன்தான் பிடிச்சிருக்கு. ஆட்டத்துக்கு ஏற்ப மேளம் முழங்கும். நீங்க சொதப்பினால், பக்கத்தில் நிற்பவர் காலை நீட்டிப் பந்தைக் காப்பாற்றுவார்.