தென்னமரத்தில் காய்த்த செம்பனை

மலேசியாவில் வணிகத்துக்காகச் செம்பனை நட்ட முதல் தோட்டத்தின் பெயர் தென்னமரம். பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்தில், 1917இல் அந்த நடவு நடந்தது. அந்தப் பெயர் அரசுப் பதிவுகளில் ரோமன் எழுத்தில் ஏறியிருந்தாலும், தோட்டத் தமிழர் வாயில் புழங்கும் சொல்தான்.

அந்தத் தோட்டத்தைத் தொடங்கியவர் ஆன்ரி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். 1905இல் ரப்பரை நம்பி மலாயாவுக்கு வந்தவர், சிலாங்கூர் ஆற்றோரம் ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்டார். 1911வாக்கில் சுமத்ராவிலிருந்து செம்பனை விதை வந்து சேர்ந்தது. அங்கே பெல்ஜியரான அட்ரியன் ஹாலே அதைத் தோட்டப் பயிராக்கியிருந்தார். மேற்கு ஆப்பிரிக்காவின் மரம் அது. 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நட்ட நான்கு கன்றுகளின் வழிவந்த விதை. ரந்தாவ் பாஞ்சாங்கில் முதலில் அழகுக்காக நின்ற மரம், தென்னமரத்தில் பயிரானது.

ஃபொக்கோனியே பிற்பாடு எழுதிய 'மலேசி' நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. துரையின் பெயர் இலக்கிய வரலாற்றில் நிலைத்துவிட்டது. விடியுமுன் பெரட்டுக்கு (ஆள்கணக்கெடுப்புக்கு) நின்று, பால்மரம் வெட்டி, பிறகு செம்பனைக் குலை அறுத்தவர்களின் பெயர்களை எங்கே தேடுவது? குலை அறுப்பது லேசான வேலையன்று. நீண்ட கம்பின் நுனியில் கட்டிய அரிவாளை அண்ணாந்து இழுக்க வேண்டும். இருபது கிலோவுக்கு மேலும் எடையுள்ள முள் குலை தொப்பென்று விழும். சிதறிய பழங்களைக் குனிந்து பொறுக்க வேண்டும். தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும் என்பதால், அறுத்த குலைகளை உடனுக்குடன் ஆலைக்கு அனுப்பியாக வேண்டும்.

வட சிலாங்கூர்த் தோட்டப் பெயர்களில் யார் ஆண்டார், யார் உழைத்தார் என்பது தெரிகிறது. மேரி, நைஜல் கார்ட்னர் என்பவை வெள்ளைக்காரப் பெயர்கள். புக்கிட் தாகார், சுங்கை திங்கி போன்றவை மலையையும் ஆற்றையும் சொல்லும் மலாய்ப் பெயர்கள். இவற்றுக்கு நடுவே தமிழில் ஒரு தென்னமரம். பத்தாங் பெர்ஜுந்தாயின் பெயரே 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாறிவிட்டது. ஆனாலும் பழைய ஆட்கள் 'பத்தாங்' என்றே சொல்கிறார்கள்.

தோட்டங்கள் கைமாறின, லயங்கள் காலியாயின. ஆனால் தென்னமரம் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது. அரசு வரைபடத்தில் ஏறாத தமிழ்ப் பெயர்களும் தோட்டங்களில் உண்டு: தீம்பாருக்கும், பாலத்துக்கும், கோயில் மேட்டுக்கும் பாட்டன் பாட்டி வைத்தவை. அந்தப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்கள், பெரியவர்கள் இருக்கும்போதே அவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள்.