கழுத்தணியும் கெட்டித் தங்கமும்: சங்கிலி வாங்குமுன் அறிய வேண்டியவை





சென்னை சென்ட்ரலிலிருந்து புறப்படும் வண்டிகள் பேசின் பிரிட்ஜ் சந்திப்பில் இரு திசைகளாகப் பிரிகின்றன. ஒன்று கும்மிடிப்பூண்டி வழியாக வடக்கே செல்கிறது. மற்றொன்று அரக்கோணம் வழியாக மேற்கே செல்கிறது. அச்சந்திப்புக்கு அருகில்தான் தங்கசாலை என்னும் பழைமையான தெரு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயச்சாலை அத்தெருவின் வடகோடியில் இயங்கியது. 1869இல் நாணயம் அடிக்கும் பணி நின்ற பின்னர் அக்கட்டடம் அரசு அச்சகத்திற்குப் பயன்பட்டது. நாணயச்சாலை மறைந்துவிட்டது, தங்கசாலை என்னும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

நாணயச்சாலையின் பணி என்ன? ஒரு காசின் எடை இவ்வளவு, அதன் மாற்று இவ்வளவு என்று அரசே உறுதி அளிப்பதுதான். காசை வாங்குபவர் உரைகல்லைத் தேட வேண்டியதில்லை. ஆனால் இன்று நம் வீட்டுப் பெண்களுக்காகத் தங்கச் சங்கிலி வாங்கும்போது, அந்த உறுதியை நாமே கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் மீன்பிடித் தொழிலிலும் உழைத்து, இராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் குடும்பங்கள் பல ஆண்டுகள் சேமித்த பணம், கடையில் செலவிடும் அரைமணி நேரத்தில் கைமாறிவிடுகிறது. ஆகவே அந்த அரைமணி நேரத்திற்குத் தேவையான அறிவை முன்னதாகவே பெற்றுக்கொள்வது நம் கடமையாகும்.

கைபரில் கிடைத்த கழுத்தணி

இந்தப் பொருளில் நமக்கு வழிகாட்டும் நிகழ்ச்சி ஒன்று ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. கைபர் போரின்போது ஃபளாலா பின் உபைத் (ரலி) அவர்கள் ஒரு கழுத்தணியைப் பன்னிரண்டு தீனாருக்கு வாங்கினார்கள். அதில் தங்கமும் மணிகளும் கலந்திருந்தன. அவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தபோது, தங்கம் மட்டுமே பன்னிரண்டு தீனாருக்கும் அதிகமாக இருந்தது. இதனை அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் தெரிவித்தபோது, இத்தகைய நகையைப் பிரித்து அறியாமல் விற்கக்கூடாது என்று அவர்கள் அறிவுறுத்தினார்கள்.

இந்நிகழ்ச்சியில் வாங்கியவருக்கு இலாபமே கிடைத்தது. எனினும் அறியாமையின்மேல் நடக்கும் வியாபாரம் அனுமதிக்கப்படவில்லை. தங்கம் எவ்வளவு, தங்கமல்லாதது எவ்வளவு என்பது இரு தரப்பினருக்கும் தெளிவாகத் தெரிய வேண்டும். இன்றைய நகைக்கடையில் கேட்க வேண்டிய முதற்கேள்வியும் இதுவேயாகும்: மொத்த எடை எவ்வளவு? கல், முத்து, கருகமணி, அரக்கு ஆகியவை போக நிகரத் தங்க எடை எவ்வளவு?

மாற்றும் எடையும்

தூய தங்கம் 24 காரட் எனப்படும். அது மிகவும் மிருதுவானது. அன்றாடம் அணியும் சங்கிலிக்கு உதவாது. எனவே செம்பு, வெள்ளி போன்றவற்றைச் சேர்த்து 22 காரட் ஆக்குகிறார்கள். இதில் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். 18 காரட்டில் 750 பங்கும் 14 காரட்டில் 585 பங்கும் தங்கம் இருக்கும். ஒரு பவுன், அதாவது 8 கிராம் எடையுள்ள 22 காரட் சங்கிலியில் 7.33 கிராம் தூய தங்கம் உள்ளது. அதே எடையுள்ள 18 காரட் சங்கிலியில் 6 கிராம் மட்டுமே உள்ளது. இரண்டும் தராசில் ஒரே எடையைத்தான் காட்டும். ஆகவே எடையை மட்டும் கேட்டு விலை பேசுவது போதாது.

பவுன், சவரன் என்னும் சொற்கள் ஆங்கிலேயரின் தங்க நாணயத்தால் வந்தவை. அந்த நாணயமும் 22 காரட்தான். அதன் எடை 7.98 கிராம். நம் கடைகள் அதனை 8 கிராமாகக் கணக்கிடுகின்றன.

ஹால்மார்க் முத்திரை கூறுவதும் கூறாததும்

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000ஆம் ஆண்டில் தங்க நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரையைத் தொடங்கியது. 2021 ஜூன் 16 முதல் நாட்டின் 256 மாவட்டங்களில் அது கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், ஆறு இலக்க அடையாள எண் இல்லாமல் ஹால்மார்க் நகைகளைக் கடைகளில் விற்கக்கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. எழுத்தும் எண்ணும் கலந்த இந்த எண்ணையே ஹெச்.யு.ஐ.டி. என்கிறார்கள். ஒரு நகைக்குரிய எண் வேறொரு நகைக்கு வராது.

எனவே சங்கிலியின் கொக்கி அருகே மூன்று அடையாளங்களைத் தேட வேண்டும். ஒன்று, தர நிர்ணய அமைவனத்தின் முக்கோண முத்திரை. இரண்டு, 22கே916 போன்ற மாற்றுக் குறி. மூன்று, ஆறு இலக்க எண். கடையில் உருப்பெருக்கிக் கண்ணாடி கேட்டு வாங்கிப் பாருங்கள். 'பி.ஐ.எஸ். கேர்' என்னும் கைப்பேசிச் செயலியில் அந்த எண்ணை இட்டால், நகையின் வகை, மாற்று, சோதித்த மையம் ஆகிய விவரங்கள் தெரியும். கையிலிருப்பது சங்கிலி, செயலி காட்டுவது மோதிரம் என்றால் அந்த நகையை வாங்கக்கூடாது.

முத்திரையிட்ட நகையில் மாற்றுக் குறைவு என்று சோதனையில் தெரிந்தால், குறைந்த மாற்றுக்குரிய தொகையைப் போல் இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்கு இழப்பீடாகக் கிடைக்க 2018ஆம் ஆண்டு விதிகள் வழிசெய்துள்ளன. ஆனால் இரசீது இல்லாதவருக்கு இந்த உரிமையை நிலைநாட்டுவது கடினம். இரசீது இல்லாமல் வாங்கினால் வரி மிச்சமாகும் என்று எண்ணுவோர், தம் பாதுகாப்பையே விற்றுவிடுகிறார்கள்.

ஒன்றை மட்டும் நன்கு கவனிக்க வேண்டும். முத்திரை மாற்றைத்தான் கூறுகிறது. சங்கிலி கெட்டியா, உள்ளே வெற்றிடமா என்பதை அது கூறுவதில்லை. 2 கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கு முத்திரை கட்டாயமுமில்லை.

கெட்டிச் சங்கிலியும் உள்ளீடற்ற சங்கிலியும்

கெட்டிச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் முழுத் தங்கக் கம்பியால் ஆனது. உள்ளீடற்ற சங்கிலியில் மெல்லிய தகட்டைக் குழலாக உருட்டிக் கண்ணி செய்கிறார்கள். கண்ணுக்குப் பருமனாகத் தெரியும். கையில் எடுத்தால் இலேசாக இருக்கும். குறைந்த பணத்தில் பெரிய நகை என்பதுதான் அதன் கவர்ச்சி. இது மோசடி அன்று. விற்பவர் சொல்லி விற்றால் குற்றமுமில்லை. ஆனால் அன்றாடம் அணிவோருக்கு அது ஏற்றதன்று. அழுந்தினால் நசுங்கும், நசுங்கியதை நிமிர்த்துவது அரிது, தகடு தேய்ந்து ஓட்டை விழுந்தால் பற்றவைப்பதும் கடினம். திருமண நாளில் மட்டும் அணிவதற்கும், நாற்பது ஆண்டுகள் அணிவதற்கும் ஒரே நகையைத் தேர்ந்தெடுக்கக்கூடாது.

கெட்டியா என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. துல்லியமான மின்னணுத் தராசில் நீர் நிறைந்த குவளையை வைத்து, அளவைச் சுழியமாக்குங்கள். சங்கிலியை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் நீரில் முழுவதும் அமிழ்த்துங்கள். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளை அசைத்து நீக்குங்கள். 22 காரட் தங்கம் நீரைவிட ஏறத்தாழ 17.7 மடங்கு அடர்த்தியுடையது. எனவே 16 கிராம் கெட்டிச் சங்கிலிக்குத் தராசு ஏறத்தாழ 0.9 கிராம் காட்ட வேண்டும். செம்பின்மேல் தங்க முலாம் பூசிய கவரிங் என்றால் 1.8 கிராம் அளவில் காட்டும். உள்ளே காற்று அடைபட்ட சங்கிலியும் 0.9 கிராமைவிடக் கூடுதலாகக் காட்டும். ஆனால் உள்ளீடற்ற கண்ணியின் இடுக்கு வழியாக நீர் உள்ளே புகுந்துவிட்டால் இச்சோதனை அதனைக் கண்டுபிடிக்காது. ஆகவே கடைக்காரரிடம் வெளிப்படையாகக் கேட்டு, 'கெட்டி' என்று இரசீதில் எழுதி வாங்குவதே சிறந்தது.

அமைப்பும் நீளமும் கொக்கியும்

ஒரே எடைக்கு நீளம் கூடினால் கம்பி மெலியும். 8 கிராமில் 18 அங்குலச் சங்கிலி என்றால் அங்குலத்திற்கு 0.44 கிராம் வருகிறது. அதே 8 கிராமில் 24 அங்குலம் என்றால் 0.33 கிராம்தான். பெரிய பதக்கமோ கருகமணியோ கோக்கப் போகிறவர்கள் நீளத்திற்கேற்ப எடையையும் கூட்ட வேண்டும். இல்லையெனில் நீளத்தைக் குறைக்க வேண்டும்.

கோதுமைச் செயின், முறுக்குச் செயின் போன்றவற்றில் கண்ணிகள் நெருக்கமாகப் பின்னியிருப்பதால் இழுவை பரவலாகத் தாங்கப்படுகிறது. தட்டையான பாம்புச் செயின் பார்வைக்கு அழகானது. ஆனால் ஒருமுறை மடங்கினால் அந்தச் சுளுக்கு எளிதில் நீங்காது. குழந்தையைத் தூக்கும் தாய்மாருக்கு அது பொருந்தாது.

சங்கிலி பெரும்பாலும் அறுவது நடுவில் அன்று. கொக்கியிலும் அதனை இணைக்கும் வளையத்திலும்தான். அந்த வளையம் பற்றவைக்கப்பட்டிருக்கிறதா, வெறுமனே வளைத்து விடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முன்பு கேடிஎம் என்ற பெயரில் காட்மியம் கலந்து பற்றவைத்தார்கள். காட்மியத்தின் புகை அதனைப் பற்றவைக்கும் தொழிலாளியின் நுரையீரலைக் கெடுக்கக்கூடியது. ஆதலால் கேடிஎம் என்பதை இன்று தரத்தின் அடையாளமாகக் கொள்ள இயலாது.

சேதாரம் என்னும் கணக்கு

கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு ஒரு கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 16 கிராம் சங்கிலியின் தங்க விலை 1,60,000 ரூபாய். செய்கூலி, சேதாரம் சேர்த்து 8 விழுக்காடு என்றால் 12,800 ரூபாய் கூடும். 3 விழுக்காடு சரக்கு சேவை வரியும் சேர்ந்து மொத்தம் 1,77,984 ரூபாய் ஆகும். அதே சங்கிலிக்கு மற்றொரு கடையில் 18 விழுக்காடு என்றால் மொத்தம் 1,94,464 ரூபாய். வேறுபாடு 16,480 ரூபாய். அதாவது ஒன்றரைக் கிராம் தங்கத்தைவிட அதிகம். அன்றைய தங்க விலை எல்லாக் கடைகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சேதாரம்தான் கடைக்குக் கடை மாறுகிறது. திருப்பி விற்கும்போது சேதாரத்திற்குக் கொடுத்த பணம் ஒரு காசும் திரும்புவதில்லை. வேலைப்பாடு குறைந்த கெட்டிச் சங்கிலிக்குச் சேதாரமும் பொதுவாகக் குறைவு என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

தராசையும் பாருங்கள். எடையளவுத் துறையினர் ஆண்டுதோறும் மின்னணுத் தராசைச் சரிபார்த்து முத்திரையிட வேண்டும். அளவிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே திருக்குர்ஆனில் 83ஆம் அத்தியாயமான அல்முதஃப்பிஃபீன் தொடங்குகிறது. நம் சமுதாயத்தில் நகை வியாபாரம் செய்வோர் அதனை ஒவ்வொரு நாளும் நினைவிற் கொள்ளட்டும்.

பழைய நகையை மாற்றும்போது

தங்கத்திற்குத் தங்கம் மாற்றும்போது எடை சமமாகவும், கைக்குக் கை உடனடியாகவும் இருக்க வேண்டும் என்பது நபிமொழிகளில் வந்துள்ள சட்டம். ஆகவே பழைய சங்கிலியைக் கொடுத்து, எடை வேறுபாட்டிற்கு மட்டும் பணம் கட்டிப் புதியதை வாங்குவதைப் பெரும்பாலான சட்ட அறிஞர்கள் தடுக்கிறார்கள். பழையதை விற்றுப் பணத்தைக் கையில் பெற்று, பின்னர் அப்பணத்தால் புதியதை வாங்குவதே குறைபாடற்ற வழி. இதில் உலக நன்மையும் உண்டு. பழைய நகைக்கு என்ன விலை கிடைத்தது, எவ்வளவு கழிக்கப்பட்டது என்பது தனியே தெரிந்துவிடும்; புதிய நகையின் கணக்கில் அது மறைந்து போகாது.

அந்தச் சங்கிலி யாருக்குரியது?

மஹராகக் கொடுத்த சங்கிலி மனைவியின் சொத்து. அந்நிஸா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் மஹரை மனமுவந்து கொடுக்கக் கட்டளையிடுகிறது. அதனைக் கணவரோ மாமியாரோ அவளுடைய மனப்பூர்வமான சம்மதமின்றி அடகு வைக்க உரிமையில்லை. ஆண்களுக்குத் தங்கம் அணிவது தடுக்கப்பட்டிருக்க, பெண்களுக்கு அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அந்த அனுமதியைச் சாக்காக வைத்துப் பெண்வீட்டாரிடம் இத்தனை பவுன் என்று கேட்டு வாங்குவது மார்க்கத்தில் இல்லாத கொடுமையாகும். பெண்ணைப் பெற்றவர், கேட்ட பவுனை நிரப்புவதற்காக உள்ளீடற்ற நகையையும் மாற்றுக் குறைந்த நகையையும் தேடும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். பிற்காலத்தில் நோயோ விதவை நிலையோ வந்து அவள் நகையை விற்கப் போகும்போதுதான் உண்மை வெளிப்படுகிறது. கடைக்காரர் கல்லையும் அரக்கையும் கழித்து, உருக்கிப் பார்த்து, இருக்கும் தங்கத்திற்கு மட்டுமே விலை கொடுப்பார். நான்கு பவுன் பகட்டைவிட இரண்டு பவுன் கெட்டிச் சங்கிலி அன்று அவளுக்குத் துணை நிற்கும்.

ஜகாத்தையும் மறந்துவிடக்கூடாது. ஹனஃபி மத்ஹபில், அணியும் நகைக்கும் ஜகாத் உண்டு. 20 மிஸ்கால், அதாவது 87.48 கிராம் தங்கம் இருந்து ஓராண்டு நிறைவடைந்தால் நாற்பதில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். அது ஏறத்தாழ 11 பவுன். ஷாஃபிஈ மத்ஹபில், அனுமதிக்கப்பட்ட அளவில் அணிவதற்கென்று வைத்துள்ள நகைக்கு ஜகாத் இல்லை. எந்த மத்ஹபினராயினும் நிகரத் தங்க எடையை எழுதி வைத்திருந்தால்தான் கணக்கு நேராகும்.

இறுதியாக ஒரு சொல். சென்ட்ரலை நெருங்கும் வண்டிகள் பேசின் பிரிட்ஜ் அருகே வேகம் குறைகின்றன. சன்னலோரம் அமரும் சகோதரிகள் சங்கிலியை ஆடைக்குள் மறைத்துக்கொள்வது பாதுகாப்பு. வெளியே காட்டுவதற்கன்றி, தேவைக்கு உதவுவதற்கே கெட்டித் தங்கம் வாங்குகிறோம் என்ற எண்ணம் இருந்தால் இதுவும் எளிதாகும்.

வாங்குவோர் ஏமாறாமலும் விற்போர் ஏமாற்றாமலும் வாழ, எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.