வானொலித் திசைகாணலில் வழுக்கள்: குடாநாட்டை முன்வைத்து ஒரு குறிப்பு

1947 டிசம்பர் 10ஆந் திகதி எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. இரண்டாம் உலகப் போரின் தேவைக்காக ஏகாதிபத்தியம் அமைத்த பலாலி ஓடுபாதை இவ்வாறு பொதுமக்களின் பயணத்துக்கு உதவலாயிற்று. முகிலும் இருளும் தரையை மறைத்தவிடத்து அக்கால விமானிகளுக்கு வானொலித் திசைகாணல் முக்கிய துணையாயிருந்தது. அது வழுவினால் ஆபத்துக்குள்ளாவன பயணிகளின் உயிர்களே.

இவ்வழுக்களைக் கருவிக் கோளாறென்றோ விமானியின் கவனக்குறைவென்றோ கூறி அமைவது எளிது. ஆயின், அவற்றுட் பெரும்பாலானவை அலைக்கும் அது கடந்துவரும் பொருள்களுக்குமுள்ள உறவிலிருந்து தோன்றுபவை, விதிகளுக்குட்பட்டவை, எனவே முன்னறியத்தக்கவை என்பதே நமது கருத்து.

திசைகாண் கருவியின் அடிப்படை ஒரு கம்பி வளையமாகும். வளையத்தின் தளம் அலை வரும் திசைக்குச் செங்குத்தாகும்போது அதன் இரு பக்கங்களிலும் தூண்டப்படும் மின்னழுத்தங்கள் ஒன்றையொன்று அழிக்க, ஒலி அடங்குகின்றது. அவ்வடக்கமே திசையைக் காட்டுவது. விமானத்தின் உலோகவுடல் இத்திசையைச் சற்றுத் திரிக்கும்; மூக்கிலிருந்து 45, 135, 225, 315 பாகைகளில் இத்திரிபு மிகும். இதனை அளந்து முன்கூட்டியே ஈடுசெய்யலாமாதலின் இங்கு விரிக்கவேண்டியதில்லை.

குடாநாட்டில் மலையில்லை, மலையிற்பட்டுத் தெறிக்கும் அலைகளால் வரும் வழுவும் இங்கில்லை. நமது கவனத்துக்குரியது கரையோர முறிவாகும். நிலத்தினின்று கடலின்மேல் சாய்வாகச் செல்லும் அலை, அங்கு வேகங்கூடிக் கரைப்பக்கமாக வளைகின்றது. இதனால் கடல்மேலுள்ள விமானம் உண்மையிலும் பார்க்கக் கரைக்கு அண்மையில் இருப்பதாகக் கணிக்கப்படும். பலாலியில் அலைபரப்பும் கம்பம் ஒன்று நிற்பதாகக் கொள்வோம். சென்னையிலிருந்து வரும் விமானம் நேர் வடக்கிலுள்ளது. அதனை நாடிச் செல்லும் அலை, ஏறத்தாழக் கிழக்கு மேற்காகக் கிடக்கும் வடகரையைச் செங்குத்தாகக் கடப்பதால் வளைவு அற்பமே. திருச்சிராப்பள்ளியிலிருந்து வருவதோ வடமேற்கில். அலை கரையைச் சாய்வாகக் கடக்கின்றது. கம்பமும் ஒன்று, கருவியும் ஒன்று; வழு மட்டும் வேறு. எக்காரணத்தால் நேரினும், 60 கடல்மைல் தொலைவில் 5 பாகை வழு ஏறத்தாழ 5 கடல்மைல் விலகலாகும்.

இரவின் விளைவு இதனினும் சிக்கலானது. பகலில் அயனமண்டலத்தின் கீழ்ப்படை இவ்வலைகளை உறிஞ்சும். சூரியன் மறைய அப்படையும் மறையும். மேற்படையிற் பட்டுத் திரும்பும் வானலை தரையலையோடு கலந்து, வளையத்தின் கிடைப்பக்கங்களிலும் மின்னழுத்தத்தைத் தூண்டும். ஒலி அடங்கும் நிலை தெளிவிழந்து அலையும். பிராங் அட்கொக் 1919இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அக்கிடைப்பக்கங்களின் தாக்கத்தை அகற்றியது. ஆயின் அது தரை நிலையங்களுக்கே ஏற்றதாயிருந்தது.

2019 ஒக்டோபர் 17இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது உலகெங்கும் செய்மதி வழிகாட்டல் மேலோங்கியிருந்தது. அயனமண்டலம் அதனையும் விட்டுவைக்கவில்லை. காந்த நடுக்கோட்டை அண்டிய நமது வானில், பொழுதுசாய்ந்த பின்னர் அம்மண்டலம் சிலவேளை கொந்தளித்துச் செய்மதிச் சமிக்ஞைகளைத் தளம்பச் செய்கின்றது. அக்கோட்டை அண்டியிருந்தமையாலேயே கேரளத்துத் தும்பா தெரிவுசெய்யப்பட்டு, 1963இல் மேல்வளிமண்டல ஆய்வுக்கான ரொக்கற் அங்கிருந்து ஏவப்பட்டது.