அயல் மண்ணில் குடித்தனம் - 9: வண்டி நிற்க ஓர் இடம்

டோக்கியோவின் நிஷி-காசாயில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கார் தேவைப்படுவதில்லை. எட்டி நடந்தால் ரயில் நிலையம். ஆராய்ச்சிப் பணிக்காக ட்சுகுபாவுக்கோ, தொழிற்சாலை வேலைக்காக ஹமாமட்சுவுக்கோ போனவர்கள் கதை வேறு. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட, வாரச் சாமான் வாங்கி வர, அங்கே கார் இல்லாமல் முடியாது.

ஜப்பானிலும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில் இந்தியாவும் ஜப்பானும் இருப்பதால், நம்மூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியை வைத்து, வந்திறங்கியதிலிருந்து அதிகபட்சம் ஓராண்டு ஓட்டலாம். குடியிருப்புப் பதிவு செய்தவர்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போய் மூன்று மாதத்துக்குள் திரும்பினால், அந்த ஓராண்டு புதிதாகத் தொடங்காது.

அதற்குள் இந்திய லைசென்ஸை ஜப்பானிய லைசென்ஸாக மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இந்திய லைசென்ஸ் வாங்கிய பிறகு மொத்தமாக மூன்று மாதமாவது இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். பாஸ்போர்ட் முத்திரைகளை வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். விசா வந்த கையோடு அவசரமாக லைசென்ஸ் எடுத்து விமானம் ஏறுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வெளிநாடு போகும் எண்ணம் எழும்போதே லைசென்ஸையும் எடுத்துவிடுங்கள். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

எழுத்துத் தேர்வில் முன்பு பத்துக் கேள்விகள்தான். 2025 அக்டோபர் முதல் ஐம்பது. அதில் 45 சரியாக இருக்க வேண்டும். அடுத்தது வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வு. எட்டுப் போட்டும், பஸ்களுக்கு நடுவே புகுந்து புறப்பட்டும் பழகிய கைகளுக்கு இதுதான் பெரிய சோதனை. வண்டியைச் சமாளிக்கத் தெரிகிறதா என்பதோடு, சுற்றிலும் பார்க்கத் தெரிகிறதா என்பதையும் தேர்வாளர் கூர்ந்து கவனிக்கிறார். ஏறுமுன் வண்டியின் முன்னும் பின்னும் குனிந்து பார்க்க வேண்டும். திரும்புமுன் கண்ணாடியைப் பார்த்தால் மட்டும் போதாது, தலையையும் திருப்ப வேண்டும். இடப்பக்கம் திரும்பும்போது ஓரத்தை ஒட்டிப் போக வேண்டும், இடையில் சைக்கிள்காரர் சிக்கிவிடாதிருக்க. ‘தொமாரே’ என்று எழுதிய சிவப்பு முக்கோணப் பலகையைக் கண்டால் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். ஊர்ந்து கடந்தால் தோல்விதான். இருபதாண்டு ஓட்டியவர்கள்கூட இரண்டு மூன்று முறை திரும்பி வருவது சகஜம். எனக்கு இதில் வருத்தமே இல்லை. தெருவில் நடப்பவர் உயிருக்கு இந்த மதிப்பாவது வேண்டும்.

லைசென்ஸ் வந்துவிட்டால் கார் வாங்கிவிடலாமா? முடியாது. அதை எங்கே நிறுத்துவீர்கள் என்று காவல் நிலையத்தில் முதலில் காட்ட வேண்டும். 1962-இல் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் வண்டி நிற்க இடம், அதன் வரைபடம், நீள அகலம், இடத்துக்காரரின் ஒப்புதல் எல்லாம் கொடுத்தால் சில நாளில் ‘ஷாகோ ஷோமெய்’ என்ற சான்றிதழ் கிடைக்கும். அதில்லாமல் உங்கள் பெயரில் வண்டி பதிவாகாது. தெருவையே நிறுத்துமிடமாக்கிக்கொள்ளவும் முடியாது. இரவில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் சாலையில் விட்டால் குற்றம்.

ஜப்பானியக் குடியிருப்புத் தெருக்கள் பலவற்றில் நடைபாதையே கிடையாது. மயிலாப்பூர் மாடவீதிகளைவிடக் குறுகலான சந்துகள். அவற்றில் ஆறு வயதுப் பிள்ளைகள் முதுகுப்பையோடு தாங்களாகவே பள்ளிக்கு நடக்கிறார்கள். இருபுறமும் கார்கள் அடைத்து நின்றால் அந்தப் பிள்ளைகள் ஓட்டுநர் கண்ணில் படவே மாட்டார்கள். கார் வாங்கப் பணம் இருப்பதும், அதை நிறுத்த ஊர்ப் பொது இடத்தை எடுத்துக்கொள்வதும் வேறு வேறு என்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நாடு தீர்மானித்திருக்கிறது. நம் நகரங்களும் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

இடம் குறைவு என்பதால் ‘கெய்’ வகைக் கார்களுக்கு இங்கே மவுசு. நீளம் 3.4 மீட்டருக்குள், அகலம் 1.48 மீட்டருக்குள், என்ஜின் 660 சிசிக்குள், மஞ்சள் நம்பர் பிளேட். நமக்குத் தெரிந்த வேகன் ஆர், 1993-இல் இங்கே கெய் காராகத்தான் பிறந்தது. கெய் காருக்கு முன்கூட்டிய இடச் சான்றிதழ் தேவையில்லை; நகரங்களில் வாங்கிய பிறகு இடத்தைத் தெரிவித்தால் போதும்.

பழைய கார் மலிவாகக் கிடைக்கிறதே என்று பாய்ந்துவிடாதீர்கள். ‘ஷாகென்’ என்னும் கட்டாயப் பரிசோதனை எப்போது முடிகிறது என்று பாருங்கள். புது வண்டிக்கு மூன்றாண்டு கழித்து, பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும். பரிசோதனை, எடை வரி, கட்டாயக் காப்பீடு, பழுது எல்லாம் சேர்ந்தால் சிறிய காருக்கே ஒரு லட்சம் யென்னைத் தொட்டுவிடும். அந்தச் செலவுக்கு அஞ்சித்தான் பலர் நல்ல நிலையில் இருக்கும் வண்டியையும் விற்றுவிடுகிறார்கள். இலங்கைச் சாலைகளில் ஓடும் எத்தனையோ கார்கள் ஜப்பானியர் கைமாற்றிவிட்டவை.

ஊர் திரும்ப முடிவு செய்தவர்கள் மார்ச் முடிவதற்குள் வண்டியின் பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். ஏப்ரல் 1 அன்று பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ, அந்த ஆண்டின் வாகன வரிச் சீட்டு அவருக்கே வரும்.

(தொடரும்)