அபராதம் யாருக்குப் போகிறது?

"தம்பி, கோர்ட்டுல அவன் கட்டுன ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி எனக்கு எப்போ வரும்?"

செமோரில் எங்கள் தாமானில் குடியிருக்கும் லோரி ஓட்டுநர் அண்ணன் இப்படிக் கேட்டபோது எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணியாக இருக்கிறேன். பதில் தெரியும். சொல்லத்தான் மனம் வரவில்லை.

ஒட்டுக்கடை முன்னால் வண்டி நிறுத்துவதில் தொடங்கிய வாய்ச்சண்டை அடிதடியில் முடிந்தது. அண்ணனுக்கு உதட்டில் நான்கு தையல், மூக்குக்கண்ணாடி உடைந்தது, பத்து நாள் எம்.சி. டிரிப் கணக்கில் சம்பளம் வாங்குபவர். லோரி ஓடாவிட்டால் காசு இல்லை. அடித்தவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். அந்தப் பணம் அரசாங்கக் கஜானாவுக்குப் போய்விட்டது.

"அப்போ அடி வாங்குனது நானா, அரசாங்கமா?" என்றார். நியாயமான கேள்வி.

நாம் போலீசில் புகார் செய்ததும் அது 'நம்' வழக்கு என்று நினைக்கிறோம். உண்மையில் அது அரசாங்கத்தின் வழக்கு. வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அரசுத் தரப்பு. நாம் அதில் சாட்சி மட்டுமே. வேண்டுமென்றே காயம் விளைவித்தால் குற்றவியல் சட்டத்தின் 323ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, 2,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும். எலும்பு முறிந்தால் அது கடுமையான காயம். 325ஆவது பிரிவில் ஏழாண்டு வரை சிறை உண்டு. குற்றவாளி என்று தீர்ப்பானபின், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரச்சொல்லும்படி அரசுத் தரப்பு நீதிமன்றத்தைக் கேட்கவும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வழியிருக்கிறது. அதனால் விசாரணை நடக்கும்போதே ரசீதுகளை விசாரணை அதிகாரியிடம் கொடுத்து, இழப்பீடு வேண்டும் என்று சொல்லிவைப்பது நல்லது. அண்ணனுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

சிவில் வழக்கு வேறு. அது நாமே தொடுப்பது. அதில் யாரும் சிறைக்குப் போவதில்லை. மருத்துவச் செலவு, இழந்த சம்பளம், பட்ட வலி ஆகியவற்றுக்குப் பணம் கேட்கிறோம். நிரூபிக்கும் அளவும் வேறு. குற்றவியல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். சிவிலில் 'இப்படித்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம்' என்று நீதிபதிக்குத் தோன்றினால் போதும். அதனால் அடித்தவர் குற்றவியல் வழக்கில் விடுதலையானாலும், போலீஸ் மேல்நடவடிக்கை இல்லை என்று கோப்பை மூடினாலும், சிவில் கதவு மூடிவிடுவதில்லை.

குகன் வழக்கு நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இறந்தபோது அவருக்கு வயது 22. ஒரு காவலர் மீது குற்றவியல் வழக்குப் போடப்பட்டது. 2011இல் அவர் விடுவிக்கப்பட்டார். மேல்முறையீட்டுக்குப் பிறகே தண்டனை வந்தது. அவருடைய தாயார் இதற்காகக் காத்திருக்காமல் 2012இல் தனியாகச் சிவில் வழக்குத் தொடுத்தார். 2013 ஜூனில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் 8 லட்சம் ரிங்கிட்டுக்கும் மேல் இழப்பீடு வழங்கித் தீர்ப்பளித்தது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அரசாங்கத்தின் முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. போன பிள்ளை திரும்பவில்லை. ஆனால் யார் பொறுப்பு என்பது தீர்ப்பில் பதிவானது.

நம்மைப் போன்றவர்களின் வழக்கு அவ்வளவு பெரிதாக இருக்காது. கேட்கும் தொகை 5,000 ரிங்கிட்டுக்குள் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறுகோரிக்கைப் பிரிவில் 198ஆம் பாரத்தை நிரப்பி வழக்கறிஞர் இல்லாமலே வழக்குப் போடலாம். 1 லட்சம் ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 10 லட்சம் வரை செஷன்ஸ் நீதிமன்றம். தனிமனிதர் மீது வழக்குப் போட ஆறாண்டு அவகாசம் உண்டு. அரசாங்கம் அல்லது அரசு அதிகாரி மீது என்றால் 36 மாதம்தான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. தீர்ப்பு கிடைத்தாலும் எதிராளியிடம் பணம் இல்லையென்றால் வசூலிப்பது கஷ்டம். அதையும் யோசித்துத்தான் இறங்க வேண்டும்.

அந்தக் காலத்தில் தோட்டத்து லயத்தில் சண்டை என்றால் கங்காணி கூப்பிட்டுப் பேசி முடித்துவிடுவார் என்று அப்பா சொல்வார். இன்று தாமானில் கங்காணி இல்லை. சட்டம் இருக்கிறது. ஆனால் அது தானாக நம் வீட்டுக் கதவைத் தட்டாது.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அண்ணன், "ஒரு வருசம் ஆச்சே தம்பி, ரசீதெல்லாம் எங்க கிடக்குதோ" என்று கையை விரித்தார். உள்ளே போன அண்ணி பழைய மைலோ டின்னோடு வந்தார். கிளினிக் ரசீது, கண்ணாடிக்கடை பில், எம்.சி., போலீஸ் புகாரின் நகல் எல்லாம் அதில் இருந்தன. கூட்டிப் பார்த்தோம். இழந்த டிரிப் காசையும் சேர்த்து 2,640 வெள்ளி.

அடுத்த திங்கட்கிழமை நாங்கள் இருவரும் ஈப்போ நீதிமன்றத்துக்குப் போகிறோம்.