பழைய சோவியத் லென்ஸ், புதிய கேமரா: கம்பம் பள்ளத்தாக்கை அருகில் கொண்டுவரும் கண்ணாடிகள்

சோவியத் ஒன்றியத்தில் 1950-கள் முதல் 1980-கள் வரை செய்யப்பட்ட டெலி லென்ஸ்கள், ஓர் அடாப்டர் வளையத்தின் துணையோடு இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் நன்றாகவே வேலை செய்கின்றன. இவற்றில் மோட்டார் இல்லை, சிப் இல்லை, கேமராவோடு பேசும் மின்தொடர்பும் இல்லை. கண்ணாடி, உலோகக் குழல், மரை, அப்பர்ச்சர் இதழ்கள் ஆகியவைதான் மொத்த அமைப்பும். கெட்டுப்போக எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாததால் ஐம்பது வயதான லென்ஸ்கூடச் சுத்தம் செய்தால் படம் எடுத்துக் கொடுக்கிறது.

தேனி மாவட்டத்துக்கு இந்த லென்ஸ்கள் பொருந்துவதற்கு நில அமைப்பே காரணம். கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கே போடி, குமுளிப் பக்கத்து ஏலமலை; கிழக்கே மேகமலை. நடுவே முல்லைப் பெரியாறு பாயும் இருபோக நெல்வயலும் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும். பார்க்கத் தகுந்தவை பலவும் எட்டத்திலேயே இருக்கின்றன. எட்டத்தை இழுத்துவரும் புதிய லென்ஸின் விலையோ கேமரா விலையைத் தாண்டிவிடுகிறது. பொறுமையும் கைப்பழக்கமும் உள்ளவருக்குப் பழைய லென்ஸ் அந்த இடத்தை நிரப்புகிறது.

எங்கிருந்து வந்தவை

மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க் நகரில் 1942-ல் தொடங்கப்பட்ட இயந்திர ஆலைதான் இந்த வரலாற்றின் மையம். ஜெனிட் கேமராக்கள் பிறந்த இடம் அது. பட்டகத்தைக் கடந்து செல்லும் ஒளிக்கதிர் அதன் சின்னம். லென்ஸின் முகப்பு வளையத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

ஜூபிட்டர் வரிசைக்கு ஜெர்மானிய வேர் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் யேனா நகரின் ஸைஸ் ஆலையிலிருந்து இயந்திரங்களும் கண்ணாடிக் கையிருப்பும் போர் இழப்பீடாக சோவியத்துக்குச் சென்றன. லுட்விக் பெர்டெலே 1930-களில் உருவாக்கிய சோனார் வடிவமைப்பே 85 மி.மீ. ஜூபிட்டர்-9, 135 மி.மீ. ஜூபிட்டர்-37ஏ போன்றவற்றுக்கு அடிப்படை. டாயிர் வரிசை லெனின்கிராட்டின் அரசு ஒளியியல் நிறுவனத்தில் கணக்கிடப்பட்ட சொந்த வடிவமைப்பு. மூன்றாவது குடும்பம் கண்ணாடி லென்ஸோடு ஆடியையும் சேர்த்துப் பயன்படுத்தும் ஆடி லென்ஸ். திமித்ரி மக்சூதோவ் 1941-ல் கண்டறிந்த தொலைநோக்கி அமைப்பிலிருந்து எம்டிஓ-500, எம்டிஓ-1000, பின்னாளில் ருபினார் ஆகியவை வந்தன.

இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் 1953 டிசம்பரில் செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தம், டாலர் இல்லாமல் ரூபாயிலேயே கொடுக்கல் வாங்கலுக்கு வழி செய்தது. இயந்திரங்களும் நூல்களும் வந்த அதே காலத்தில் ஜெனிட் கேமராக்களும் இங்கே வந்தன. நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வழியாகத் தமிழ் வீடுகளுக்கு ருஷ்ய நூல்கள் அறிமுகமானதுபோல, ஸ்டுடியோக்காரர்களுக்கு அந்த நாட்டுக் கேமராவும் அறிமுகமானது.

அடாப்டரின் கணக்கு

லென்ஸின் பின்விளிம்புக்கும் ஃபிலிமுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு கேமரா அமைப்பும் வரையறுக்கிறது. பெரும்பாலான சோவியத் டெலி லென்ஸ்களில் உள்ள எம்42 மரைக்கு விட்டம் 42 மி.மீ., மரை இடைவெளி 1 மி.மீ., ஃபிலிம் தூரம் 45.46 மி.மீ. மிரர்லெஸ் கேமராவில் ஆடி இல்லை என்பதால் இந்தத் தூரம் மிகக் குறைவு: சோனி இ மவுன்ட்டில் 18 மி.மீ., நிக்கான் இஸட்டில் 16, கேனான் ஆர்எஃப்பில் 20. மிச்சத் தூரத்தை வெற்றுக் குழல் ஒன்று நிரப்பிவிடுகிறது. சோனிக்கு அந்தக் குழலின் நீளம் 27.46 மி.மீ. அதற்குள் கண்ணாடி எதுவும் இல்லாததால் படத்தின் தரம் குறைவதில்லை.

டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் நிலைமை வேறு. கேனான் இஎஃப்பின் தூரம் 44 மி.மீ.; ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள தட்டு போதும். நிக்கான் எஃப்பின் தூரம் 46.5 மி.மீ.; லென்ஸ் எதிர்பார்ப்பதைவிட ஒரு மில்லிமீட்டர் அதிகம். ஆகவே தொலைவில் உள்ள மலை ஃபோக்கஸ் ஆகாது. நடுவில் திருத்தக் கண்ணாடி வைத்த அடாப்டர்கள் இதைச் சரிசெய்கின்றன, ஆனால் கூர்மை சற்றே மங்கும்.

பொருத்தியதும் கேமராவில் மூன்று மாற்றங்கள் தேவை. லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும் வசதியை மெனுவில் இயக்க வேண்டும். முறையை அப்பர்ச்சர் பிரயாரிட்டியிலோ மேனுவலிலோ வைக்க வேண்டும். பாடிக்குள் அதிர்வுத் தடுப்பு இருந்தால் லென்ஸின் குவியத் தூரத்தை எண்ணாக உள்ளிட வேண்டும். லென்ஸ் தானாகச் சொல்லாததைப் படம் எடுப்பவரே சொல்ல வேண்டியிருக்கிறது. கூர்மையான விளிம்புகளை வண்ணத்தில் காட்டும் ஃபோக்கஸ் பீக்கிங்கும், வியூஃபைண்டரில் ஒரு பகுதியைப் பெரிதாக்கும் வசதியும் கையால் ஃபோக்கஸ் செய்வதை எளிதாக்கின. 1970-களில் ஜெனிட்டின் மங்கலான திரையில் ஊகத்தில் செய்த வேலையை இப்போது உறுதியாகச் செய்ய முடிகிறது. பழைய லென்ஸுக்குப் புதிய கேமரா தந்த பெரிய உதவி இதுவே.

135: திருவிழாவும் வாடிவாசலும்

தொடங்குபவருக்கு ஏற்றது 135 மி.மீ. லென்ஸ். ஜூபிட்டர்-37ஏ எஃப் 3.5 திறப்புள்ளது, கைக்கு அடக்கமானது. டாயிர்-11ஏ எஃப் 2.8 திறப்பும் 20 அப்பர்ச்சர் இதழ்களும் கொண்டது. இதழ்கள் இத்தனை இருப்பதால் எந்த அளவுக்கு மூடினாலும் துளை வட்டமாகவே இருக்கும்.

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவில் இந்த லென்ஸின் பயன் தெரியும். இரவில் அக்னிச்சட்டி ஏந்தி வரும் பக்தரின் முகத்தில் விழுவது நெருப்பின் வெளிச்சம் மட்டுமே. எஃப் 2.8-ல் முகத்தை ஃபோக்கஸ் செய்தால், பின்னால் வரும் சட்டிகளின் தீயும் கடைத்தெரு விளக்குகளும் முனையில்லாத வட்டங்களாகக் கரைந்து நிற்கும்.

இந்த லென்ஸ்களில் அப்பர்ச்சருக்கு இரண்டு வளையங்கள். ஒன்றில் வேண்டிய எண்ணை, உதாரணமாக 5.6-ஐ, முன்கூட்டியே வைத்துவிடலாம். மற்றது சத்தமில்லாமல் முழுத்திறப்பிலிருந்து 5.6 வரை வழுக்கிப்போய் அங்கே நிற்கும். திறந்து ஃபோக்கஸ் செய்து, கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமலே விரலால் மூடி, படம் எடுக்க வேண்டும். இரண்டு நாள் பழகினால் கை தானாகச் செய்யும்.

பல்லவராயன்பட்டி, அய்யம்பட்டி ஜல்லிக்கட்டுகளில் பாய்ந்து வரும் காளையைக் கையால் ஃபோக்கஸ் செய்து துரத்த முடியாது. ஆனால் காளை வெளிவரும் இடம் மாறுவதே இல்லை. வாடிவாசல் 20 மீட்டரில் இருந்தால், அதன் மரத்தூணில் முன்கூட்டியே ஃபோக்கஸ் செய்து எஃப் 5.6-ல் வைக்கலாம். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 17 மீட்டரிலிருந்து 24 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். ஷட்டரை 1/1000 நொடிக்குக் குறையாமல் வைத்துக் காத்திருந்தால், காளை தானாகவே அந்த எல்லைக்குள் வந்து சேரும்.

300: மலையும் காடும்

டாயிர்-3 300 மி.மீ., எஃப் 4.5, ஒன்றரைக் கிலோ எடை. இதன் ஒரு வடிவம் ஃபோட்டோஸ்னைப்பர் என்ற பெயரில் புகழ்பெற்றது: துப்பாக்கிக் கட்டை போன்ற பிடி, தோளில் சாய்த்துக்கொள்ளும் தாங்கி, விரலால் இழுக்கும் விசை, லென்ஸின் அடியில் ஃபோக்கஸ் திருகு. 1965-லிருந்து ஜெனிட் கேமராவோடு ஒரே பெட்டியில் விற்கப்பட்டது. எட்டத்திலிருந்து பார்த்தால் துப்பாக்கிபோலவே தெரியும் என்பதால், வனச் சோதனைச் சாவடி உள்ள பகுதிகளுக்கு இந்தப் பிடியைக் கொண்டுபோகக் கூடாது. லென்ஸை மட்டும் கழற்றி முக்காலியில் பொருத்துவதே முறை.

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போகப்போகத் தேயிலைத் தோட்டமும் சோலைக்காடும் கலந்து வரும். ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. இது தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம். பாதையை விட்டு இறங்காமல், வனத்துறை அனுமதித்த இடத்தில் நின்றே எடுக்க வேண்டும் என்பதால் தூரத்தை லென்ஸ்தான் கடக்க வேண்டும்.

பெரிய இருவாச்சியின் நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். 60 மீட்டர் தள்ளி அத்திமரத்தில் அது அமர்ந்திருந்தால், 300 மி.மீ. லென்ஸ் சென்சாரில் 5 மி.மீ. உருவத்தை விழவைக்கும். ஏபிஎஸ்-சி சென்சாரின் அகலத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு; காட்டோடு சேர்ந்த பறவைப் படத்துக்குப் போதுமானது. ஃபோக்கஸில் தவறுக்கு இடம் குறைவு. ஃபுல் ஃபிரேம் கேமராவில் முழுத்திறப்பில் 20 மீட்டர் தூரத்தில் தெளிவு விழும் ஆழம் சுமார் 1.2 மீட்டர், 10 மீட்டரில் 30 சென்டிமீட்டர்தான். பழம் தின்று நிதானமாக இருக்கும் இருவாச்சியும், கிளையில் வெயில் காயும் கருமந்தியும் இதற்கு ஏற்றவை. பறக்கும் பறவைக்கு ஆட்டோஃபோக்கஸ் உள்ள புதிய லென்ஸே சரியான கருவி.

500-ம் 1000-மும்: ஆடி லென்ஸ்கள்

ஆடி லென்ஸில் ஒளி குழலுக்குள் இரண்டு முறை எதிரொளித்துத் திரும்புவதால், 500 மி.மீ. குவியத் தூரம் சிறிய குழலுக்குள் அடங்கிவிடுகிறது. வண்ணச் சிதறலும் மிகக் குறைவு. விலையாகக் கொடுப்பது இரண்டு: அப்பர்ச்சரை மாற்ற முடியாது, எம்டிஓ-500-ல் எப்போதும் எஃப் 8 தான்; நடுவில் உள்ள சிறிய ஆடி ஒளியை மறைப்பதால், பின்னணியின் ஒளிப்புள்ளிகள் நடுவில் ஓட்டையுள்ள வளையங்களாக விழும். நாற்று நட்ட வயலில் கொக்கை எடுக்கும்போது, தேங்கிய நீரில் மின்னும் வெயில் முழுவதும் வளையங்களாகிப் பறவையை மறைத்துவிடும். வரப்பையோ வாழைத்தோப்பின் நிழலையோ பின்னணியாக வைத்தால் இந்தக் குறை தெரியாது.

20 மீட்டர் தூரத்தில் கம்பியில் உட்கார்ந்த வெண்தொண்டை மீன்கொத்தி 500 மி.மீ. லென்ஸில் 7 மி.மீ. உருவமாக விழும். நிலவின் உருவம் சென்சாரில் எவ்வளவு இருக்கும் என்று அறியக் குவியத் தூரத்தை 110-ஆல் வகுத்தால் போதும்: 500-க்கு 4.5 மி.மீ., 1000-க்கு 9 மி.மீ. மேகமலை முகட்டில் முழுநிலவு எழுவதை எம்டிஓ-1000-ல் எடுத்தால் ஃபுல் ஃபிரேமின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிலவு நிறைந்திருக்கும். சூரியனை எந்த டெலி லென்ஸிலும் உரிய சூரிய ஃபில்டர் இல்லாமல் பார்க்கவோ எடுக்கவோ கூடாது. கண்ணும் சென்சாரும் நொடியில் பாழாகும்.

வெயிலும் காற்றும்

பழைய லென்ஸ்களில் பல ஒற்றைப் பூச்சு கொண்டவை. எதிர்வெயில் பட்டால் படம் வெளிறும். பள்ளத்தாக்கில் இதற்கு எளிய வழி உண்டு: காலையில் கிழக்கே மேகமலைக்கு மேல் சூரியன் எழும்போது வெளிச்சம் போடி, குரங்கணிப் பக்கத்து மேற்கு மலைகளில் நேராக விழுகிறது; மாலையில் மேகமலையின் முகம் ஒளி பெறுகிறது. காலையில் மேற்கையும் மாலையில் கிழக்கையும் எடுத்தால் சூரியன் எப்போதும் முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஆழமான ஹூட் கட்டாயம். அதேநேரம், இந்தப் பழைய கண்ணாடியின் மென்மையை வேண்டுமென்றே தேடுவோரும் உண்டு. 2024-ல் வெளிவந்த 'டியூன்' படத்தின் இரண்டாம் பாகத்தில் ஒளிப்பதிவாளர் கிரெய்க் ஃப்ரேசர், புதிய உலோக உறைக்கு மாற்றிய சோவியத் லென்ஸ்களைப் பயன்படுத்தினார்.

சித்திரை, வைகாசி நண்பகலில் தரையிலிருந்து எழும் கானல் எந்த லென்ஸின் கூர்மையையும் கெடுக்கும். காலை 9 மணிக்குள் வேலையை முடிப்பது நல்லது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் தூசி படிந்து, மலை மடிப்புகள் ஒவ்வொன்றாகத் தெரியும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று பள்ளத்தாக்கில் வேகமாக வீசும். அப்போது முக்காலியைத் தாழ்வாக விரித்து, நடுத்தண்டில் பையைக் கட்டித் தொங்கவிட்டு, செல்ஃப் டைமரில் எடுக்க வேண்டும். கையில் பிடித்து எடுப்பதானால் ஏபிஎஸ்-சி கேமராவில் 500 மி.மீ. லென்ஸுக்கு 1/800 நொடி குறைந்தபட்சம்.

வாங்குவதும் பேணுவதும்

வாங்குமுன் இரு முனையிலிருந்தும் டார்ச் அடித்து உள்ளே பார்க்க வேண்டும். சிலந்திவலைபோல் கிளைத்த கோடுகள் ஃபங்கஸ். பால் படிந்ததுபோன்ற மங்கல், ஆவியான கிரீஸ் கண்ணாடியில் படிந்ததாக இருக்கலாம். முகப்பில் சிறு கீறல் பெரிதாகப் பாதிக்காது. பின்கண்ணாடியில் கீறல் பாதிக்கும். பெரும்பாலான லென்ஸ்களில் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் செய்த ஆண்டைக் காட்டும்: 78 என்று தொடங்கினால் 1978.

ஃபோக்கஸ் வளையம் இறுகியிருந்தால் காரணம் ஆலையில் இட்ட கிரீஸ் காய்ந்துபோனதே. பிரித்துத் துடைத்துப் புதிய லித்தியம் கிரீஸ் மெல்லியதாகத் தடவினால் சரியாகும். ஃபோக்கஸ் மரைக்குப் பல தொடக்கங்கள் உண்டு. இரு குழல்களும் பிரியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்ட பிறகே கழற்ற வேண்டும். வேறு தொடக்கத்தில் பூட்டினால் தொலைவு ஃபோக்கஸ் ஆகாது. குழலின் உட்புறம் பளபளத்தால் மங்கல் கறுப்புப் பெயின்ட் பூசலாம். எதிரொளி குறைந்து படத்தின் கான்ட்ராஸ்ட் உடனே கூடும்.

மேகமலையின் மூடுபனியிலிருந்து இறங்கி வந்த லென்ஸை அப்படியே பையில் மூடி வைக்கக் கூடாது. துடைத்து, அறைக் காற்றில் ஈரம் போகவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். லென்ஸோடு வந்த தோல் உறை அழகானது. ஆனால் ஈரத்தைப் பிடித்து வைத்து ஃபங்கஸை வளர்க்கும். உறையைத் தனியாகவும் லென்ஸைத் தனியாகவும் வைப்பதே இரண்டுக்கும் நல்லது.